கைபேசியில் மட்டும் ஊமையான திரைப்பதிவு

அலுவலகக் குழுச் செயலியில் நான் பகிர்ந்த திரைப்பதிவுகளின் குரல், ஹெட்போனில் கேட்டவர்களுக்குத் தெளிவாகவும், கைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டவர்களுக்கு ஏறத்தாழ ஊமையாகவும் இருந்தது. செயலியை மீண்டும் நிறுவியதும் கோப்பின் வடிவத்தை மாற்றியதும் ஒலியளவைக் கூட்டியதும் பயன்தரவில்லை.

பதிவு மென்பொருளில், இட, வல ஒலித்தடங்களை ஒன்றாகக் கலக்கும் ‘மோனோ’ தெரிவை இயக்கியவுடன் என் ஹெட்போனிலும் குரல் மறைந்ததே துப்பாக அமைந்தது. எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை இணைப்பி) டைனமிக் மைக்கை மேசைக்கணினியின் 3.5 மி.மீ. ஸ்டீரியோ மைக் துளையில் இணைத்த கேபிளில், 2ஆம் முனை இடத் தடத்துக்கும் 3ஆம் முனை வலத் தடத்துக்கும் சென்றன. இவ்விரண்டும் ஒரே ஒலியை எதிரெதிர்க் கட்டத்தில் சுமப்பதால், ஒற்றை ஒலிபெருக்கிக்காகக் கைபேசி தடங்களைக் கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்துக்கு நேராக நிற்கும். ஒலியளவுப் பட்டைகளோ இரண்டிலும் சமமாகவே ஏறியிறங்குவதால் அவற்றை நம்பக்கூடாது.

2ஆம் முனை இரு தடங்களோடும், 3ஆம் முனை மின்தரையோடும் (கிரவுண்ட்) இணைந்த கேபிளுக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது, பெரும் நிம்மதி. பழைய பதிவுகளில் எஃப்எஃப்எம்பெக் என்னும் ஒலி-காட்சிக் கருவியின் ‘பான்’ வடிகட்டியால் இடத் தடத்தை மட்டும் எடுத்து, காட்சியை அப்படியே நகலெடுத்தேன். இரு தடங்களையும் மோனோவாகக் கலக்கும் வழக்கமான கட்டளையை இங்கே பயன்படுத்தினால் குரல் மீண்டும் அழிந்துவிடும்.