பனித்துகள்களை மோதவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளம் விண்மீனைச் சுற்றியிருக்கும் வாயுத் தட்டில் மைக்ரோமீற்றருக்கும் சிறிய பனித்துகள்கள் முட்டி, ஒட்டி, வளர்கின்றன. கோள் உருவாவதன் முதல் படி அதுதான். அந்த மோதலைக் கணனிக்குள் நடத்திப் பார்க்க இன்று பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு அறையில், மின்விசிறிக்குக் கீழே மடிகணனியை வைத்துக்கொண்டு சில நூறு துகள்களை மோதவிடலாம். பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் என்னோடு இருந்து அதைத்தான் செய்கிறார்கள். ஒரு தொகுதி விழுந்த குழியிலேயே அடுத்த தொகுதியும் வந்து விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் குழிகள் எனக்கும் பழக்கமானவை.

அலகு மாற்ற மறந்தது, சமன்பாட்டில் குறி மாறியது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும்: துகள் திரையை விட்டே பறந்து போகும், நீங்களும் திருத்திவிடுவீர்கள். ஆபத்தானவை, வடிவான வரைபு ஒன்றைத் தந்துவிட்டுப் பேசாமல் இருப்பவை.

எல்லாரும் தொடங்கும் இடம் ஒன்றே. ஒட்டும் தன்மையுள்ள இரண்டு மீள்தன்மைக் கோளங்கள் தொடும்போது என்ன விசை இருக்கும் என்பதை ஜோன்சன், கெண்டல், ரொபேர்ட்ஸ் மூவரும் 1971இல் எழுதினார்கள். அதை ஜே.கே.ஆர். என்கிறோம். டொமினிக்கும் டீலன்ஸும் 1997இல் அதோடு உருளல், வழுக்கல், முறுக்கல் ஆகியவற்றைச் சேர்த்து விண்தூசுத் திரள்களுக்கு, அதாவது பல துகள்கள் ஒட்டிச் சேர்ந்த கூட்டங்களுக்கு, கொண்டுவந்தார்கள். நாம் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் அந்த வழி வந்தவைதான்.

இரண்டு மடங்கு எங்கே போனது?

ஒரு கட்டுரையில் மேற்பரப்புச் சக்தி (ஓரலகுப் பரப்பளவு புது மேற்பரப்பை உண்டாக்கத் தேவையான சக்தி) இருக்கும், இன்னொன்றில் ஒட்டல் வேலை (ஒட்டிய ஓரலகுப் பரப்பைப் பிரிக்கத் தேவையான சக்தி) இருக்கும். இரண்டு துகள்கள் ஒட்டும்போது இரண்டு மேற்பரப்புகள் மறைகின்றன. ஆகவே ஒரே பொருள் என்றால் ஒட்டல் வேலை மேற்பரப்புச் சக்தியின் இரண்டு மடங்கு. துகள்களைப் பிரிக்கத் தேவையான விசையை ஒட்டல் வேலையில் எழுதினால் முன்னால் ஒன்றரை பை வரும், மேற்பரப்புச் சக்தியில் எழுதினால் மூன்று பை வரும். சமன்பாட்டை ஓரிடத்திலிருந்தும் பெறுமானத்தை வேறோரிடத்திலிருந்தும் எடுத்தால் விசை பாதியாகிவிடும், அல்லது இரட்டிப்பாகிவிடும்.

அதே சமன்பாட்டில் வரும் ஆரை துகளின் ஆரை அல்ல, சுருக்கிய ஆரை. சம அளவுத் துகள்களுக்கு அது துகள் ஆரையின் பாதி. இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாகத் தவறினால் விசை சரியாகவே வந்துவிடும்! ஆனால் தொடுகை வட்டத்தின் ஆரை தப்பும், அதோடு உருளலும் தப்பும். ஆகவே விசையை மட்டும் சரிபார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். பரிசோதிக்க ஒரு சோடி எண்கள்: ஆரை 0.1 மைக்ரோமீற்றர், மேற்பரப்புச் சக்தி சதுர மீற்றருக்கு 0.1 யூல், யங்கின் மட்டு 7 கிகாபஸ்கால், புவாசோன் விகிதம் 0.25 என்றால், பிரிக்கும் விசை 47 நனோநியூற்றன், சமநிலைத் தொடுகை ஆரை 12 நனோமீற்றர். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் மேலே போகலாம்.

துகள்களைச் சும்மா தொடவைத்துவிட்டு மோதலைத் தொடங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்பும் தவறு இதுதான். இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

திரளைக் கட்டும் நிரல் எளிது. ஒரு துகளை வைக்கிறோம், இன்னொன்றை எழுமாறான திசையிலிருந்து அனுப்புகிறோம், எங்கே முட்டுகிறதோ அங்கே நிறுத்துகிறோம். முட்டுவது என்றால் மையங்களுக்கிடையிலான தூரம் ஆரையின் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். 0.1 மைக்ரோமீற்றர் துகள் என்றால் 200 நனோமீற்றர். கேத்திரகணிதப்படி பிழையே இல்லை. அந்த ஆள்கூறுகளைக் கோப்பில் எழுதி, மோதல் நிரலுக்குக் கொடுத்து, வேகத்தையும் கொடுத்து ஓட்டிவிடுகிறோம்.

ஆனால் ஜே.கே.ஆர். கோளங்களுக்கு அந்தத் தூரம் சமநிலை அல்ல. ஒட்டுவிசை அவற்றை ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் அமிழ்த்தும். மேலே சொன்ன எண்களுக்குச் சமநிலை அமிழ்வு ஏறத்தாழ 1 நனோமீற்றர். மையங்கள் இருக்கவேண்டிய தூரம் 199. வெறும் 1 நனோமீற்றர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அமிழ்வு பூச்சியமாக இருக்கும்போது இழுவிசை எவ்வளவு தெரியுமா? பிரிக்கும் விசையின் 9இல் 8 பங்கு. அதாவது நீங்கள் ஓட்டத் தொடங்கிய அந்தக் கணமே திரளிலுள்ள ஒவ்வொரு தொடுகையும் கிட்டத்தட்ட முழுப் பலத்தோடு உள்ளே இழுக்கிறது.

சக்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அமிழ்வு பூச்சியத்திலிருந்து சமநிலைக்குப் போகும்வரை ஒரு தொடுகை விடுவிக்கும் சக்தி, அந்தத் தொடுகையை அறுக்கத் தேவையான சக்தியின் ஏறத்தாழ 40 சதவீதம். நமது எண்களில் 2.4ஐப் பத்தின் மறை 17ஆம் அடுக்கால் பெருக்கி வரும் யூல். ஒன்றொன்றாகக் கட்டிய திரளில் துகளுக்கு ஒரு தொடுகை என்ற கணக்குத்தான் வரும். ஆக, துகளுக்கு அந்தளவு சக்தி. பனித்துகளின் திணிவுக்கு அது முழுக்க இயக்கசக்தியானால் வேகம் செக்கனுக்கு 3 மீற்றருக்கு மேல்.

இப்போது மோதலைப் பாருங்கள். இரண்டு சம திரள்களை செக்கனுக்கு 5 மீற்றர் சார்வேகத்தில் மோதவிடுகிறோம் என்றால், திணிவு மையத்திலிருந்து பார்க்க ஒவ்வொன்றும் 2.5 மீற்றர் வேகத்தில் வருகிறது. துகளுக்கான மோதல் சக்தி 1.3ஐ அதே பத்தடுக்கால் பெருக்கியது. ஆராய வந்த மோதலைவிட, கட்டும்போது ஒளித்துவைத்த நடுக்கத்தின் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. முட்டுவதற்கு முன்பே திரள் உள்ளுக்குள் மோதிக்கொண்டிருக்கிறது.

போன வருடம் ஒரு தங்கச்சி தன் வரைபைக் கொண்டுவந்து காட்டினார். மோதல் வேகத்துக்கு எதிராகத் திரள் எவ்வளவு இறுகியது என்ற வரைபு. செக்கனுக்கு 1 மீற்றரிலிருந்து 4, 5 வரை கோடு தட்டையாகப் போனது. அப்புறம் மேலே ஏறியது. அந்தத் தட்டையான பகுதியைப் புதிய பௌதிகம் என்று எடுத்து விளக்கமும் எழுதி, ஒரு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பியிருந்தார்.

"வேகத்தைப் பூச்சியமாக்கி ஒருக்கா ஓட்டிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணா. பூச்சிய வேகத்தில என்ன நடக்கப்போகுது? ரெண்டும் தூரத்தில நிக்கும்."

அந்த இடத்திலேயே ஓட்டினோம். ஒரே ஒரு திரள், 500 துகள், மோத எதுவும் இல்லை. திரையில் சராசரித் தொடுகை எண்ணை மட்டும் அச்சிடச் சொன்னோம். 500 துகளுக்கு 499 தொடுகை, ஒவ்வொரு தொடுகையும் இரண்டு துகள்களுக்கும் எண்ணப்படும்; ஆகவே முதல் வரி 1.996. அது அப்படியே நிற்கவேண்டும். சில வரிகளுக்குள் 2ஐத் தாண்டியது. தொடர்ந்து ஏறிக்கொண்டே போனது. யாரும் தொடாத திரள் தானாகவே நடுங்கி, கிளைகள் வளைந்து, பக்கத்துக் கிளையோடு ஒட்டி இறுகிக்கொண்டிருந்தது. வரைபின் தட்டையான பகுதி அதுதான்: மோதல் வேகம் எதுவானாலும் நடுக்கம் ஒன்றே. அவர் முகம் வாடிப்போனதை மறக்க முடியவில்லை. பகிர்ந்து பாவிக்கும் கணனியில் வரிசையில் நின்று வாங்கிய நேரம் முழுவதும் வீண். அனுப்பிய சுருக்கத்தையும் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. கெட்டிக்காரப் பிள்ளை, எடுத்துக்கொண்ட மாதிரி நிரலிலேயே இந்த ஓட்டை இருந்தது. தொடக்கநிலைப் பாடங்கள் இதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் கடந்துபோவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தணிப்பை, அதாவது அசைவின் சக்தியை உறிஞ்சும் விசையை, கூட்டிவிட்டால் நடுக்கம் அடங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அடங்கும். ஆனால் அதே தணிப்பு மோதலின் சக்தியையும் தின்றுவிடும், ஒட்டும் வேகம், அதாவது மோதியும் ஒட்டக்கூடிய உச்ச வேகம், பொய்யாக உயரும். குறைந்த மேற்பரப்புச் சக்தியைப் போட்டாலும் தப்ப முடியாது. நடுக்க வேகமும் ஒட்டும் வேகமும் ஒரே விகிதத்தில்தான் குறையும்.

செய்யவேண்டியது இது. கட்டும்போதே மையத் தூரத்தைச் சமநிலை அமிழ்வால் குறைத்து வையுங்கள். ஒரு துகள் பலதைத் தொடும் இறுக்கமான திரளில் அது மட்டும் போதாது. தணிப்பை முழுதாகப் போட்டுத் தனியாக ஓட்டி ஆறவிடுங்கள். உருளலையும் வழுக்கலையும் எதிர்க்கும் விசையை நிரல் ஒவ்வொரு தொடுகையிலும் ஒரு வில்லாகக் கணிக்கிறது; ஆறியபின் அந்த வில்லுகளின் தொடக்கப் புள்ளிகளை மீளமையுங்கள், இல்லாவிட்டால் இழுபட்ட வில்லோடு மோதலுக்குள் போவீர்கள். மிஞ்சிய மொத்த உந்தத்தையும் சுழற்சியையும் கழியுங்கள். பிறகு தணிப்பை எடுத்துவிட்டு, மோதல் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் திரளைச் சும்மா விட்டுப் பாருங்கள். தொடுகை எண் அசையக்கூடாது. துகளுக்கான மிச்ச இயக்கசக்தி மோதல் சக்தியின் நூறில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் வேகம் கொடுப்பது. என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இந்தச் சும்மா ஓட்டத்தின் கோப்பைக் காட்டச் சொல்லித்தான் மோதல் வரைபையே பார்க்கிறேன்.

தொட்ட இடத்திலேயே அறுத்துவிடுவது

துகள்கள் கிட்ட வரும்போது தொடுகை உருவாவது அமிழ்வு பூச்சியத்தில். ஆனால் பிரியும்போது அங்கே அறாது. கழுத்துப் போல இழுபட்டு, நமது எண்களில் இன்னும் 0.84 நனோமீற்றர் விலகிய பின்தான் அறும். போகும் வழியும் வரும் வழியும் வேறு. "தூரம் இரண்டு ஆரையைவிடக் கூடினால் விசை பூச்சியம்" என்று ஒரே நிபந்தனையாக எழுதினால், அந்த இழுவையில் செலவாகவேண்டிய சக்தி முழுவதும் துகளிடமே திரும்பிப் போகிறது. தெறிக்கக் கூடாத துகள் தெறிக்கும். எந்தத் தொடுகை உயிரோடு இருக்கிறது என்ற பட்டியலை நிரல் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

நேரப்படி

தொடுகையின் அதிர்வுக் காலம் 1 நனோசெக்கன் அளவு. கணிப்பின் ஒவ்வொரு நேரப்படியும் 20 பிக்கோசெக்கனுக்கு மேல் போகவேண்டாம்.

நேருக்கு நேர் மோதலை மட்டும் ஓட்டுவது

படம் வடிவாக வரும் என்பதால் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். விண்வெளியில் நேருக்கு நேர் மோதல் அபூர்வம். ஒரு திரளின் மையம் மற்றதன் மையத்தை நோக்கிய நேர்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறது என்பதுதான் விலகல் தூரம். அதன் நிகழ்தகவு அந்தத் தூரத்தோடு கூடிப் போவதால், மோதல்களில் பாதி, உச்ச விலகலின் 0.71 பங்கைத் தாண்டித்தான் நடக்கின்றன. உரசிப் போகும் அந்த மோதல்களில் வளர்ச்சி குறைவு. சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு மோதலுக்கும் அந்த நிகழ்தகவுக்கேற்ற பங்கைக் கொடுத்து எடுங்கள்.

ஒரே திரள், ஒரே திசை

போதாது. வேறு வேறு திரள்களை, வேறு வேறு திசைகளில் சுழற்றி வைத்து, பல தடவை மோதவிடுங்கள்.

எல்லாப் பனியும் ஒரே பனி என்று நினைப்பது

வாடாவும் குழுவினரும் 2009இல் 0.1 மைக்ரோமீற்றர் பனித்துகள் திரள்கள் செக்கனுக்கு 50 மீற்றர் வரை மோதியும் வளரலாம் என்று காட்டினார்கள். குண்ட்லாக்கும் புளூமும் 2015இல் ஆய்வுகூடத்தில் கிட்டத்தட்ட 1.5 மைக்ரோமீற்றர் பனித்துகள்கள் 10 மீற்றர் வேகம் வரை ஒட்டுவதைக் கண்டார்கள். இவை ஒன்றையொன்று மறுப்பதாக எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒட்டும் வேகம் ஆரையின் 6இல் 5 அடுக்கில் குறைகிறது. 15 மடங்கு பெரிய துகளுக்கு வேகம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகவேண்டும், அப்படிப் பார்த்தால் இரண்டும் தூரத்தில் இல்லை. ஆரையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்வது அரைத் தகவல்.

வெப்பநிலை இன்னும் பெரிய விடயம். நமது நிரல்களில் பலரும் போடும் 0.1 யூல் என்ற மேற்பரப்புச் சக்தி, உருகுநிலைக்குக் கொஞ்சம் கீழேயுள்ள பனிக்குப் பொருந்தலாம். மூசியோலிக்கும் வூர்மும் 2019இல் அளந்தபோது 175 கெல்வினுக்குக் கீழே அது 0.003 அளவுக்கு வீழ்ந்துவிட்டது. வாயுத் தட்டில் பனி நிலைத்திருக்கும் இடமெல்லாம் ஏறக்குறைய அதைவிடக் குளிர்தான். அந்தப் பெறுமானத்தைப் போட்டால் ஒட்டும் வேகம் 18 மடங்கு அளவில் கீழே போகும். பனி ஒட்டும், சிலிக்கேற்று (பாறைத் தூசு) ஒட்டாது என்ற பழைய கதையே ஆட்டங்காணும். எது சரி என்பதில் இன்னும் முடிவில்லை. ஆகவே 0.1க்கும் ஓட்டுங்கள், 0.003க்கும் ஓட்டுங்கள், இரண்டையும் ஒரே வரைபில் போடுங்கள்.

ஒற்றைத் துல்லியம்

ஜிபியுவில் (கணனியின் வரைகலைச் செயலியில்) வேகம் கிடைக்கிறது என்று ஆள்கூறுகளை ஏழு இலக்கத்தில் வைக்கவேண்டாம். பத்து மைக்ரோமீற்றர் திரளில் அமிழ்வு ஒரு நனோமீற்றர்; வித்தியாசம் எடுக்கும்போது இலக்கங்கள் போய்விடும்.

படத்தை மட்டும் சேமிப்பது

படத்திலிருந்து தொடுகையை எண்ண முடியாது. ஆள்கூறு, வேகம், சுழற்சி, தொடுகைப் பட்டியல், வில்லுகளின் நிலை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு இடைவெளியிலும் எழுதி வையுங்கள். மின்சாரம் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் அவைதான் வேண்டும்; வில்லுகளின் நிலை இல்லாமல் மீளத் தொடங்கினால் உருளலின் நினைவு அழிந்து திரள் வேறு விதமாக மடியும்.