பூ வேண்டுமென்றால் கத்தரிக்கோலை எடுங்கள்: பூச்செடி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

பூச்செடி வாங்கிவந்த புதிதில் எல்லோர் கையும் தண்ணீரைத்தான் தேடும். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. செடியும் தழைக்கும், கொடி நீளும், இலை பளபளக்கும். பூ மட்டும் வராது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, “நமக்குக் கைராசி இல்லை” என்று ஒதுங்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மல்லிகை, செம்பருத்தி, தொட்டியில் வளர்க்கிற பெரும்பாலான ரோஜாக்கள் எல்லாமே புதிதாக விடும் தளிரில்தான் பூக்கும். பழைய கிளையை வெட்டினால் புதுத் தளிர் வரும். அதற்கான துணிவு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் பாதியை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: வெயிலைக் கணக்கெடுங்கள்

செடி வாங்குவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. விடுமுறை நாள் ஒன்றில் காலை 8 மணி, 11 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 5 மணி என நான்கு முறை மாடியையோ பால்கனியையோ போய்ப் பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பருவம் மாறும்போது அந்தக் கோடும் நகரும், அதையும் மனத்தில் வையுங்கள். மல்லிகை, ரோஜா, செண்டுமல்லி மூன்றுக்கும் தினமும் 5 முதல் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். உங்களுக்குக் கிடைப்பது காலை வெயில் மட்டும்தான் என்றால் காசித்தும்பை வையுங்கள், அது அரை நிழலையும் பொறுத்துக்கொள்ளும். வெயிலே எட்டாத, வெளிச்சம் மட்டும் வரும் மூலைக்கு ஆந்தூரியம் பொருத்தம்.

படி 2: மூன்று செடி போதும்

ஆசையில் பத்துத் தொட்டி வாங்கவேண்டாம். விதையிலிருந்து வளர்க்க ஒரு செண்டுமல்லி, புதராக வளர ஒரு செம்பருத்தி, மணத்துக்கு ஒரு மல்லிகை. இந்த மூன்றையும் ஒரு வருடம் கூர்ந்து பார்த்தாலே விதைப்பது, கவாத்து செய்வது (கிளைகளை வெட்டிவிடுவது), பதியம் போடுவது (கொடியை மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது) எல்லாம் கைக்குப் பழகிவிடும்.

படி 3: தொட்டியும் மண்ணும்

செண்டுமல்லிக்கு 8 அங்குலத் தொட்டி போதும். மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் 12 அங்குலத்துக்குக் குறையாமல் எடுங்கள். அடியில் துளை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். சில பிளாஸ்டிக் தொட்டிகளில் துளையின் அடையாளம் மட்டும் இருக்கும், நாம்தான் குத்தித் திறக்கவேண்டும்.

தண்ணீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லையும் ஜல்லியையும் நிரப்பச் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அது பலன் தராது என்பதை ஒரு ஸ்பாஞ்சை வைத்தே பார்த்துவிடலாம். ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கை வசத்தில் பிடியுங்கள். சொட்டுவது நின்றபிறகு அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். ஸ்பாஞ்சின் அடிப்பகுதியில் ஓரளவு நீர் எப்போதும் தங்கும், உயரம் கூடினால் மேற்பகுதி வடிந்துவிடும். தொட்டி மண்ணும் அப்படித்தான். அடியில் ஜல்லியைப் போட்டால் ஈரம் தங்குகிற அந்த அடுக்கு அவ்வளவுக்கு மேலேறி வேருக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. மண் கொட்டாமலிருக்க ஒரு வலைத்துண்டோ ஒரே ஒரு ஓடோ துளைமேல் வைத்தால் போதும். மீதி உயரம் முழுவதையும் மண்ணுக்கே கொடுங்கள்.

மண்கலவைக்கு நான் வைத்திருக்கும் அளவு: தோட்டமண் 2 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ 1 பங்கு, அதோடு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் கட்டியை அப்படியே கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கலாம், இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். கலவை சரியா என்று பார்க்க, லேசாக நனைத்து உள்ளங்கையில் உருண்டை பிடியுங்கள். விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரவேண்டும். களிமண் உருண்டை மாதிரி நின்றால் கோகோபீட்டும் கொஞ்சம் மணலும் கூட்டுங்கள்.

படி 4: நடுவது

வாங்கிவந்த அன்றைக்கே மாற்றி நடவேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் புது இடத்துக்குப் பழகட்டும். நடுவதற்கு மாலை நேரம் நல்லது. பையைப் பக்கவாட்டில் கிழித்து வேர்ப்பந்து உடையாமல் எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவேண்டாம். வேர்கள் பையின் வடிவத்துக்கு வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதுத் தொட்டியிலும் அவை சுற்றிக்கொண்டே இருக்கும். பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒன்றரை அங்குலம் காலியாக விடவேண்டும், அது தண்ணீர் நிற்கும் இடம். நட்டதும் அடித்துளையில் வடியும்வரை நீர் ஊற்றி, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள்.

செண்டுமல்லி விதை பார்ப்பதற்குக் கருப்பு ஊசி போலிருக்கும், நுனியில் வைக்கோல் நிறத்தில் சின்னக் குஞ்சம். கால் அங்குல ஆழத்தில் தூவி மண்ணைத் தெளித்தாற்போல் மூடினால் போதும். ஒரு வாரத்துக்குள் முளைவிடும். முதலில் வரும் இரண்டு இலை வித்திலைகள், அதன்பிறகுதான் பல்பல்லான நிஜ இலைகள் வரும். அவை இரண்டு ஜோடி வந்ததும் நாற்றைப் பிரித்துத் தனித்தனியாக நடலாம். பிரிக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் நாற்று போய்விடும்.

படி 5: தண்ணீர்

ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். நேரம் பார்த்து ஊற்றுவதைவிட விரலை நம்புவது எவ்வளவோ மேல்.

என் முதல் மல்லிகையை நான் தண்ணீராலேயே இழந்தேன். அடி இலைகள் மஞ்சளாகி, மதியத்தில் செடி துவண்டு நின்றது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு மாதம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தபோது சாக்கடை வாடை அடித்தது. வேரைத் தொட்டால் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்தது. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீர் அதிகமான செடியும் தாகத்தில் வாடியது போலவே தெரிகிறது. துவண்ட செடியைப் பார்த்தால் சொம்பை எடுக்குமுன் விரலை மண்ணில் விடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, திடமாக இருக்கும்.

ரோஜாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இலை நனையாமல், காலையில், வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். இரவு முழுக்க ஈரமாக இருக்கும் இலையில்தான் கரும்புள்ளி நோய் பரவும்.

படி 6: வெட்டுவது

இந்த ஒரு படிக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். இதை நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஆக்ஸின் என்ற இயக்குநீர் சுரந்து கீழ்நோக்கி இறங்குகிறது. கீழே இலைக்கக்கங்களில், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களில், இருக்கும் மொட்டுகளை அது உறக்கத்திலேயே வைத்திருக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு விலகி, பக்கத்து மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனி வரும். இரண்டையும் கிள்ளினால் நான்கு. பூ வருவது நுனியில் என்றால், நுனிகள் கூடக்கூடப் பூவும் கூடத்தானே செய்யும்!

செண்டுமல்லியில் பழகுவது எளிது. நாற்று அரையடி உயரம் வந்ததும் உச்சியில் இருக்கும் இளந்துளிரை இரண்டு விரல் நகத்தால் கிள்ளுங்கள். ‘டக்’கென்று ஒடியும், விரலில் அந்தக் காட்டமான பச்சை வாசம் நாளெல்லாம் இருக்கும். முதலில் மனசு கேட்காது, அதுவும் உச்சியில் சின்ன மொட்டு தெரிந்தால் கேட்கவே கேட்காது. கிள்ளிவிடுங்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு கிளை எட்டிப்பார்க்கும். கிள்ளாமல் விட்ட செடி ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று போய்க் காற்றில் சாயும். கிள்ளியது தொட்டி நிறையக் குடை மாதிரி விரியும்.

மல்லிகைக்குக் குளிர் குறைந்து வெயில் ஏறத் தொடங்கும் முன் பெரிய கவாத்து வேண்டும். கவாத்துக்குச் சில நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறையுங்கள். பிறகு காய்ந்த குச்சி, உள்நோக்கி வளரும் கிளை, பென்சிலைவிட மெலிந்து நோஞ்சானாக நிற்பவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதியைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். ஒரு வாரம் செடி மொட்டைக் குச்சியாக நிற்கும். பயப்படவேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு இளம்பச்சைத் தளிர் விடும், அதன் நுனியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக மொட்டு கட்டும். பூத்து முடிந்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு ஜோடி இலைக்குக் கீழே வெட்டிக்கொண்டே வந்தால் அடுத்தடுத்த சுற்றும் வரும்.

செம்பருத்தியை ஒரேயடியாக வெட்டாமல் மூன்றில் ஒரு பங்கு கிளைகளை மட்டும் ஒரு தடவைக்குக் குறையுங்கள், மீதி பூத்துக்கொண்டிருக்கும். ரோஜாவில் வாடிய பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலையைத் தேடி, வெளிப்புறம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டவேண்டும். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் கிளையை வளரவிடாதீர்கள். அது வேர்ச்செடியின் (உங்கள் ரோஜாவை ஒட்டியிருக்கும் அடிச்செடியின்) கிளை, உங்கள் ரோஜா அதில் பூக்காது.

வாடிய பூவை உடனுக்குடன் எடுப்பதும் இதே கணக்குதான். பூ விதையாக முற்றத் தொடங்கினால் செடியின் சத்தெல்லாம் அங்கே போய்விடும். எடுத்துவிட்டால் மறுபடி பூக்க முனையும். கத்தரிக்கோல் கூராகவும் சுத்தமாகவும் இருக்கட்டும், ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது துடைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: உரம்

மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மேல்மண்ணைக் கொத்திவிட்டு. அவ்வளவுதான். தழைச்சத்து மிகுந்தால் செடி இலை விடுவதிலேயே மும்முரமாகிவிடும். காய்ந்து கிடக்கும் மண்ணிலும், புதிதாக நட்ட செடிக்கும் உரம் போடவேண்டாம்.

படி 8: எறும்பு வந்தால் கவனியுங்கள்

செம்பருத்தித் தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கினால், பூவுக்காக வருகின்றன என்று விட்டுவிடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், கணுக்களில் பஞ்சு ஒட்டியது போல் மாவுப்பூச்சி இருக்கும். அது சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். அந்த இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு மென்மையான திரவ சோப்பு கலந்து இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் நீர் வழுக்கி ஓடிவிடும், அதற்குத்தான் சோப்பு. மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும், தேனீக்கள் வரும் நேரமும் அதுதான். வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம் செய்யுங்கள்.

படி 9: பார்த்துக்கொண்டிருங்கள்

இதையும் ஒரு படியாகவே சேர்க்கிறேன். மல்லிகை மொட்டு நாலைந்து நாள் பச்சையாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் காலையில் வெளுத்திருக்கும், பிற்பகலில் நுனி உப்பியிருக்கும். அன்றைக்கு வேறு வேலையை ஒதுக்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தொட்டியருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். இதழ் விரிவது கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் ஒரு கணத்தில் மணம் வந்து மோதும், திரும்பிப் பார்த்தால் விரிந்திருக்கும். செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாள்தான் இருக்கும். காலையில் விரிந்ததைப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டால் மாலையில் சுருண்டிருக்கும். பல் துலக்கும் நேரத்திலேயே ஒரு நடை போய்வாருங்கள். இப்படித் தினமும் இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்றால், பூச்சியும் வாட்டமும் முதல் நாளிலேயே கண்ணில் பட்டுவிடும்.

படி 10: ஒன்றைப் பலவாக்குவது

மல்லிகையில் நீளமான கொடி ஒன்றை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு கணுவுக்கு அடியில் தோலை லேசாகச் சீவி, அந்த இடத்தைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் வேர் பிடித்திருக்கும். புதுத்தளிர் வந்ததும் அவசரப்பட்டு இழுத்துப் பார்க்காதீர்கள், தாய்ச்செடியின் சத்திலேயே தளிர் வரும். கல்லை எடுத்துவிட்டு லேசாக அசைத்தால் மண்ணோடு இறுக்கமாக நிற்கவேண்டும். அப்போது தாய்க்கொடியை வெட்டிவிடலாம்.

செண்டுமல்லியில் நல்ல பூ ஒன்றிரண்டைப் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். காம்பு வரை பழுப்பானதும் எடுத்து நிழலில் உலர்த்தி, இதழைப் பிடித்து இழுத்தால் விதைகள் கொத்தாக வரும். காகித உறையில் போட்டு, நிறத்தையும் தேதியையும் எழுதி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை தாயைப் போலவே இருக்காது, பூ சிறுத்தோ நிறம் மாறியோ வரும். எனக்கு அதுவும் பிடிக்கும். போன வருடம் மஞ்சள் பூவின் விதையிலிருந்து, ஓரத்தில் செந்தூரக் கோடு ஓடும் பூ ஒன்று வந்தது. அதன் விதை இப்போது தனி உறையில் இருக்கிறது.