உறையை விட்டு வராத வாள்

என் மாயக்கதையில் இரண்டு வாள்வீரர்களை மூன்று பக்கம் மோதவிட்டிருந்தேன். முழுக்க வெட்டியெறிந்தேன். இப்போது இருவரும் விடுதியில் கஞ்சி குடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சண்டையே இல்லாமல் பதற்றத்தைக் காட்ட, முதலில் வாள் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். ஜப்பானியச் சாமுராய் வீரர்களின் வழக்கில், உட்காரும்போது கத்தானா என்ற நீண்ட வாளை வலப்பக்கம் வைத்தால் நல்லெண்ணம். அங்கிருந்து வலக்கையால் சட்டென்று உருவ முடியாது. பேச்சுக்கு நடுவே அது இடப்பக்கம் மாறட்டும். அப்புறம் இடக்கைக் கட்டைவிரல் கைப்பிடியோரத் தகட்டை லேசாகத் தள்ளட்டும். உறையின் இறுக்கம் விடும். எதிராளி அதைக் கவனித்து, கிண்ணத்தை இடக்கைக்கு மாற்றுகிறான்.

"கண்கள் தீப்பொறி கக்கின" போன்ற வரிகள் வேண்டாம் (நானும் நிறைய எழுதித் தள்ளியவன்தான்). இடைவெளியைச் சொல்லுங்கள்: ஓரடி எடுத்து வைத்தால் வெட்டு விழும் தூரம். அந்த அடியை யாரும் வைக்கக் கூடாது. கஞ்சி ஆறட்டும்.