எடை குறைக்க எடை தூக்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நான் பயிற்சி செய்யும் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, போன வாரம் எடை மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். ஒரு நாள் தவறாமல் மூன்று வாரம் வந்திருக்கிறார். எடையோ 800 கிராம் கூடியிருந்தது. "அண்ணா, இது எனக்குச் சரிப்பட்டு வராது போல" என்றார். பதினோரு வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன். அப்போது எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

வார்ம்-அப் செய்யாமல் தூக்குவது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் மாத எடையைப் பார்த்து முடிவெடுப்பது

பழக்கமில்லாத உடம்பு எடை தூக்கத் தொடங்கியதும் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரைச் சேர்க்கிறது. இரண்டு நாள் வலியும் இறுக்கமும் அதோடு வருவதுதான். அப்புறம் கிளைக்கோஜன். தசை தன் வேலைக்காகச் சேமித்து வைக்கும் சர்க்கரை இது. பயிற்சி செய்யச் செய்ய இந்தச் சேமிப்பு கூடும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தசைக்குள் தங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் அரை கிலோ வீதம் மூன்று வாரத்தில் ஒன்றரை கிலோ கொழுப்பு கரைந்திருக்கிறது. இரண்டு கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மெஷின் அரை கிலோ கூடியதாகத்தான் காட்டும். உழைப்பு வீண் போகவில்லை, மெஷினுக்கு அதைப் பிரித்துக் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். "கொழுப்பு தசையாக மாறிவிட்டது, அதனால்தான் எடை கூடுகிறது" என்று ஆறுதல் சொல்வார்கள். அதுவும் தவறு. கொழுப்பும் தசையும் வேறு வேறு, ஒன்று மற்றொன்றாக மாறாது. மூன்று வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி தசை வளர்வதும் இல்லை. அப்போது கூடும் பலம் பெரும்பாலும், இருக்கும் தசையை நன்றாக இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது.

இது தெரியாமல் நான் என்ன செய்தேன்? சாப்பாட்டைப் பாதியாக்கினேன். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டிரெட்மில்லிலேயே கிடந்தேன். ஏழு வாரத்தில் 88 கிலோவிலிருந்து 77க்கு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் எப்போதும் குளிர்வது போல இருக்கும், மாடிப்படி ஏறினால் கால் தளரும். 60 கிலோ வைத்து ஐந்து முறை ஸ்குவாட் செய்தவன், திரும்பப் போய் 40 கிலோவை வைத்தபோது மூன்றாவது முறை எழ முடியவில்லை. குறைந்த 11 கிலோவில் தசையும் நிறைய போயிருந்தது. வழக்கம்போலச் சாப்பிடத் தொடங்கியதும் எட்டு மாதத்தில் 88க்கே வந்தேன். திரும்பி வந்தது கொழுப்பு. அதே 88 கிலோதான், ஆனால் பழைய பேன்ட் இடுப்பில் ஏறவில்லை.

அதனால்தான் "30 நாளில் 10 கிலோ" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோவுக்கு 77,000. முப்பது நாளில் கரைக்க வேண்டுமென்றால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். பலருடைய உடம்பு ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே அவ்வளவு இருக்காது. அந்தப் பத்து கிலோவில் தண்ணீரும் தசையும் எவ்வளவு என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பெரும்பாலானவர்களுக்கு வாரம் உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். 80 கிலோ உள்ளவருக்கு 400 முதல் 800 கிராம். காலையில் கழிவறை போய் வந்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். மாதவிடாய் வருவதற்கு முன் நீர் தங்குவதால், பெண்கள் போன மாதம் அதே நாட்களில் இருந்த எடையோடு ஒப்பிடுவதே சரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள். தூக்கும் எடையையும் நோட்டில் எழுதுங்கள். இடுப்பு குறைந்து, தூக்கும் எடை குறையாமல் இருந்தால் போவது கொழுப்புதான். அந்தத் தம்பியின் இடுப்பை அன்றைக்கே டேப்பால் அளந்தோம். சேர்ந்த நாளில் குறித்ததை விட 2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது.

தசை வளர்ந்தால் உட்கார்ந்திருந்தாலே கொழுப்பு கரையும் என்று நம்புவது

ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. பல மாதம் உழைத்து இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் கூடுதலாகச் செலவாவது 26 கலோரி. இரண்டு வாய் சாப்பாட்டில் அது வந்துவிடும். எடை தூக்குவதன் வேலை வேறு. உணவைக் குறைக்கும்போது உடம்பு தசையைக் கரைத்துவிடாமல் அது காக்கிறது. கொழுப்பு குறைவது முக்கியமாகச் சாப்பிடும் அளவால்தான். தினமும் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் அளவில் புரதம் சாப்பிடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி

தொப்பை தனியாகக் கரையாது. வயிற்றோடு நிற்காமல், பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கும் ஸ்குவாட் செய்யுங்கள்.

வியர்வையைக் கணக்கில் எடுப்பது

வியர்த்துப் போவது தண்ணீர். குடித்ததும் திரும்பிவிடும்.

மாதக்கணக்கில் அதே டம்பெல்

உடம்பு பருத்துவிடுமோ என்று பயந்து பெண்கள் பலர் முதல் நாள் எடுத்த டம்பெல்லையே ஆறு மாதம் தூக்குகிறார்கள். தசை வளர உதவும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களை விட மிகக் குறைவு. தற்செயலாக யாரும் பருத்துவிட மாட்டார்கள். எல்லா செட்டிலும் (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று) 12 ரெப், அதாவது 12 முறை தூக்குவது, சுலபமாக வந்தால் அடுத்த முறை கொஞ்சம் எடை கூட்டுங்கள். உணவைக் குறைத்திருக்கும் நேரத்தில் கூட்ட முடியாத வாரங்களும் வரும். அப்போது அதே எடையைத் தாக்குப் பிடித்தாலே நல்லது.

பழைய உடம்பையே இலக்காக வைப்பது

90 கிலோ உள்ள ஒருவர் இருபது வயதில் இருந்த 65 கிலோவை மட்டுமே இலக்காக வைத்தால், நான்கரை கிலோ குறைந்ததை ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டார். ஆனால் அந்த ஐந்து சதவீதத்திலேயே பலருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்குகின்றன. இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் பயிற்சி தொடங்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடை குறையும்போது மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.