623526-ஐக் காரணிப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

இராமேசுவரத்தின் பின்கோடு 623526. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் இதைக் கொடுத்து, பகா காரணிகளாக உடைக்கச் சொல்லிப் பாருங்கள். தீவுக்குள்ளும் சரி, மண்டபம், கீழக்கரைப் பக்கமும் சரி, தடுக்கி விழுகிற இடங்கள் ஒன்றுதான். கூட்டல், கழித்தல் பிழை யாருக்கும் வரும், அதை விடுங்கள்.

இலக்கங்களின் கூடுதல் 3-க்கும் 9-க்கும் மட்டும்

6+2+3+5+2+6 = 24. “24 எட்டால் வகுபடுகிறது, அதனால் எண்ணும் வகுபடும்” என்று எழுதுகிறார்கள். எட்டுக்குப் பார்க்க வேண்டியது கடைசி மூன்று இலக்கம். 526-ஐ எட்டால் வகுத்தால் மீதி 6.

2-ஆலும் 6-ஆலும் போனால் 12-ஆலும் போகுமா?

போகும் என்று சொல்ல முடியாது. 3, 4 இரண்டாலும் போக வேண்டும்.

13-ஓடு நிறுத்துவது

2, 3 இரண்டையும் எடுத்தபின் மிஞ்சுவது 103921. இதற்கு 5, 7, 11, 13 எதுவும் ஒத்துவராது. உடனே “பகா எண்” என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் திருந்தாத தவறு இது. வலையைப் பாதி இழுத்துவிட்டு மீனே இல்லை என்கிற கதைதான்! மனப்பாடம் செய்த வகுபடும் விதிகள் 11-ஓடு முடிந்துவிடுவதால் கையும் அதையொட்டியே நின்றுவிடுகிறது.

அடுத்த பகா எண் 17. 17 × 6000 = 102000. மிச்சம் 1921, அது 17 × 113. மீதியே இல்லை, ஈவு 6113. இதை விட்டவர்களுக்கு 623526-இன் மொத்தக் காரணிகள் 16-க்குப் பதில் 8 என்று வரும். காரணிகளின் கூடுதலும் 13,20,624 வர வேண்டிய இடத்தில் 12,47,064 ஆகிவிடும். ஒரு வரி தப்பினால் அதன்மேல் கட்டிய எல்லாமே தப்பு.

எதுவரை வகுத்துப் பார்ப்பது? கையில் இருக்கிற எண்ணின் வர்க்கமூலம் வரை. 103921-க்கு அது 322 சொச்சம். ஆனால் 17-ஐ எடுத்தவுடன் எல்லையும் இறங்கிவிடும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். 78² = 6084, 79² = 6241. ஆக 6113-க்கு 73 வரை போதும். 17 இரண்டாம் முறையும் போகலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்க வேண்டும்: 17 முதல் 73 வரை 15 வகுத்தல்கள். ஒன்றும் போகாது, கடைசியில் 73-க்கு மீதி 54. இப்போது எழுதலாம்: 623526 = 2 × 3 × 17 × 6113.

ஃபெர்மா சோதனையில் தேறினால் பகா எண்ணா?

n பகா எண் என்றால், n-ஆல் வகுபடாத எந்த a-வை அடிமானமாக வைத்தாலும் a-இன் (n−1) அடுக்கை n-ஆல் வகுக்க மீதி 1 வரும்; அப்படி வருகிறதா என்று பார்ப்பதே ஃபெர்மா சோதனை. ராமானுஜனின் 1729-ஐ எடுங்கள். அது 7 × 13 × 19. ஆனாலும் அதனுடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை அடிமானமாக வைத்தாலும் சோதனையில் தேறிவிடும். தேறாவிட்டால் பகு எண் என்பது உறுதி. தேறினால் எதுவும் உறுதியில்லை.

எக்செலில் 16 இலக்க எண்

வேண்டாம். 15 இலக்கத்துக்குமேல் வருவதையெல்லாம் அது சுழியாக்கிவிடும். பிறகு எந்த எண்ணும் பத்தால் வகுபடும். பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வகுக்கும்போது ஒற்றைக் கோடு ( / ) போட்டால் தசமமாக மாறி, பெரிய எண்களில் அங்கேயும் கடைசி இலக்கங்கள் கழன்றுவிடும். ஈவுக்கு //, மீதிக்கு %.