ரப்பரில் நோய் எதிர்ப்பு மரபணு தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கையுறை போடுவது, குழாயில் பெயர் எழுதுவது பற்றியெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதியவர்கள் வழுக்கி விழும் இடங்களே வேறு.

இலையைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. ரப்பர் கொழுந்து செம்பு நிறத்தில் விரியும். பிறகு வெளிர்பச்சையாகித் துவண்டு தொங்கும். கடைசியில்தான் விறைத்து நிமிர்ந்து, கரும்பச்சையாகப் பளபளக்கும். சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு வேண்டியது முதல் இரண்டு நிலைகள். விறைத்த இலையில், நோய்க்கு எளிதில் ஆளாகும் குளோன் (ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ரகம்) கூடப் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒரு மாணவர் இரண்டு குளோன்களின் நுனியை ஒரே நாளில் வெட்டித் துளிர்க்க விட்டு, ஒரே நாளில் பூஞ்சையின் வித்துகளைத் தூவினார். ஒன்று இன்னும் துவண்டு கிடந்தது, மற்றது விறைத்துவிட்டது. விறைத்ததில் நோய் இல்லை, இலையை விறைக்கச் செய்யும் லிக்னினை உருவாக்கும் மரபணுக்களின் இயக்கம் எகிறியிருந்தது. ‘எதிர்ப்பு மரபணு கிடைத்துவிட்டது’ என்று மாநாட்டுக்குச் சுவரொட்டி வரை அச்சாகிவிட்டது. முதிரும் இலையில் லிக்னின் ஏறாமல் வேறென்ன ஏறும்? மரபணு இயக்கத்தை அளக்க ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தக் கொடுத்த பணம் அத்தனையும் தண்டம்.

ஆசியத் தோட்டக் குளோன்களில் பெரும்பாலானவை 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து கொண்டுவந்த விதைகளின் வழி வந்தவை. அவற்றுக்குள் மரபு வேறுபாடு குறைவு. இலை வயதில் வரும் வேறுபாடு அதை எளிதில் மறைத்துவிடும். ஆகவே நாளை எண்ணாதீர்கள், இலையைத் தொட்டுப் பாருங்கள். ஒரே நிலையில் உள்ள கொத்துகளுக்கு மட்டும் அட்டை கட்டுங்கள். வித்து தூவாத கொத்தையும் அதே நிலையில் எடுங்கள்.

வெறும் தண்ணீர் தெளித்த செடி இல்லாதது

இலை உதிர்வு நோய் தரும் கொரினெஸ்போரா பூஞ்சையின் வித்து முளைக்கச் செடியை பிளாஸ்டிக் உறையால் மூடுகிறோம். அந்தப் புழுக்கமே செடிக்கு ஒரு நெருக்கடி. வித்தில்லாத தண்ணீர் தெளித்து, அதேபோல் மூடிய செடி பக்கத்தில் இல்லாவிட்டால், மரபணு ஏறியது பூஞ்சையாலா உறையாலா?

ஏறியதெல்லாம் எதிர்ப்பு மரபணு என்பது

நோயில் கருகும் செடியிலும் தற்காப்புப் புரதங்கள் ஏறத்தான் செய்யும். மாறாக, பூஞ்சையை அடையாளம் காணும் ஏற்பி மரபணுக்கள் பல, ஏறாமல் இறங்காமல் சன்னமாகவே இயங்கும். இன்னொன்று: கொரினெஸ்போரா நஞ்சு விட்டு செல்லைக் கொன்று பிழைப்பது. வேறு சில நோய்களில் செடி தன் செல்லைத் தானே சாகவிட்டுப் பூஞ்சையைத் தடுக்கும்; இதில் செல் சாவதைச் செடியின் வெற்றி என்று எழுதாதீர்கள்.

ஆக்டினை ஒப்பீட்டு மரபணுவாக வைப்பது

மற்ற மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட, இயக்கம் மாறாத ஒரு மரபணு வேண்டும். ஆக்டின் அப்படி மாறாததா என்று உங்கள் மாதிரிகளில் சோதிக்காமல் வைக்க வேண்டாம்.

பால் வெட்டும் மரத்தில் இலை பறிப்பது

பால் கூடுதலாக வடியத் தடவும் எத்திஃபான் மருந்தைத் தடவியிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். அது எத்திலீன் விடும், எத்திலீனோ நோய்த் தற்காப்பைத் தூண்டும் சமிக்ஞைகளில் ஒன்று.