பூட்டிக் கிடந்த வீட்டில் ஏசி சத்தம் போடுகிறதா? காதை வைத்தே கண்டுபிடிக்கலாம்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பல வீடுகள் படைப்புக்கோ (முன்னோரை வணங்கும் சடங்கு) கல்யாணத்துக்கோதான் திறக்கின்றன. மாதக்கணக்கில் ஓடாத ஏசியைத் திடீரென்று போட்டால் ஏதாவது சத்தம் வரத்தான் செய்யும். எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு சத்தங்களை மட்டும் ஒரு நிமிடம்கூட ஓடவிடக் கூடாது. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், போடுவதற்கு முன்பே பின்கட்டுக்குப் போய் வெளி யூனிட்டைப் பாருங்கள். ஏசி, ஸ்டெபிலைசர் இரண்டுக்கும் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். டார்ச் அடித்தால் விசிறிக்குப் பின்னால் குளவிக்கூடு, சருகு, எலி கடித்த ஒயர் ஏதாவது கண்ணில் படும். பல்லி உள்ளே போய் சர்க்யூட் போர்டில் ஷார்ட் ஆவதும் உண்டு. ஒயர் கடிபட்டிருந்தால் ஏசியைப் போடவே வேண்டாம்.

அடுத்து, அறையின் மின்விசிறியை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, ரிமோட்டில் ஃபேன் மோடு வையுங்கள். இப்போது ஓடுவது உள் யூனிட்டின் புளோயர், அதாவது காற்றைத் தள்ளும் விசிறி மட்டுமே. இதிலேயே சத்தம் வந்தால் கோளாறு உள்ளேதான். 'விஸ்ஸ்' என்று மெல்லிய விசில் கேட்டால் ஃபில்டர் அடைத்திருக்கலாம். கழற்றி, தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். 'கீச் கீச்' என்றால் பேரிங் காய்ந்திருக்கும். 'கடகட' என்றால் ஓடும்போதே யூனிட்டின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் சுவரில் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். நம் சுண்ணாம்புச் சுவர்களில் காரை பல அடுக்கு. சின்னத் திருகு காரையிலேயே நின்றுபோய் செங்கலைப் பிடிக்காது. கீழே தரையின் ஆத்தங்குடிக் கல்லில் பொடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூனிட்டுக்கு அடியில் கட்டில் போட வேண்டாம். நீளமான போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கூல் மோடு. வெளி யூனிட் உடனே கிளம்பாது. கேஸை அழுத்தும் கம்ப்ரஸரைக் காப்பதற்காக மூன்று நிமிடம் வரை காத்திருக்கும். அதற்குள் ரிமோட்டைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். கிளம்பும்போது ஒரு 'டக்', குளிர்ந்ததும் பிளாஸ்டிக் சுருங்கி 'சடக்', அணைத்தபின் குழாயில் கேஸ் சமமாகும் 'உஷ்ஷ்' இதெல்லாம் இயல்பு. 'களக் களக்' என்று கேட்டு உள்ளே தண்ணீரும் சொட்டினால் தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் குழாயில் அடைப்பு. குழாயின் வெளிமுனையில் மண்ணோ பூச்சிக்கூடோ இருக்கும்.

இனி அந்த இரண்டு சத்தங்கள்.

வெளி யூனிட் 'ம்ம்ம்' என்று முக்கி, கிளம்பாமல், 'டக்' என்று நின்று, மறுபடி முக்கினால் உடனே மெயினை அணையுங்கள். மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர் கெட்டுப்போயிருக்கலாம், அல்லது வோல்டேஜ் போதாமல் இருக்கலாம். பங்காளிகள் எல்லாரும் கூடி, தெருவே ஏசி போடும் நாட்களில் இரண்டாவது காரணத்தை முதலில் பாருங்கள். ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் எண் குறைவாகத் தெரியும், ஸ்டெபிலைசரும் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். கெபாசிட்டரை நீங்கள் தொடவே கூடாது. மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் சேமித்த மின்சாரம் இருக்கும், ஷாக் அடிக்கும்.

இரண்டாவது, ஓடும்போது விடாமல் வரும் 'உஷ்ஷ்'. கூடவே குளிர் குறைந்து, செம்புக் குழாயில் பனி படிந்தால் கேஸ் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். புதிய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது. அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள், விளக்கு ஏற்றாதீர்கள்.

குளியலறை ஹீட்டரில் 'பொடபொட' என்றால் தண்ணீரின் உப்பு காயிலில் படிந்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். அதன் வால்வு வழியே கொதிநீரோ ஆவியோ பீய்ச்சினால் மட்டும் உடனே அணையுங்கள்.

அப்புறம், மெக்கானிக்கிடம் 'ஏசி சத்தம் போடுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்ளேயா வெளியேயா, ஃபேன் மோடிலா கூல் மோடிலா என்று சொல்லி, சத்தத்தை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். முக்குகிற சத்தம் என்று கேட்டாலே கெபாசிட்டரைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். ஒரு சாமானுக்காக மறுபடி காரைக்குடிக்கு ஓட வேண்டியிருக்காது.